டி8 கட்டத்துக்கு ஒரு வழி

பலகை கையருகே இருந்தால் காய்களை இப்படி வையுங்கள். கறுப்பு ராஜா ஈ8-இல், ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே. ராணி ஈ6, குதிரை டி7, மந்திரி எஃப்8, யானை எச்8. சிப்பாய்கள் ஏ7, ஈ5, எஃப்7, ஜி7, எச்7. வெள்ளைக்கு ராஜா சி1, ராணி பி3, யானை டி1, மந்திரி ஜி5; சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, ஈ4, எஃப்2, ஜி2, எச்2. வெள்ளையின் முறை. இரண்டே நகர்த்தலில் செக்மேட்.

1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கின் தனிமாடத்தில் நடந்த ஆட்டம் இது. வெள்ளைக்காய் ஆடியவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த 21 வயது பால் மார்ஃபி. எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடினார்கள்.

முதல்முறை பார்த்தபோது என் கண் நேரே பி3-க்குத்தான் போனது. கறுப்பு ராணி குறுக்குக்கோட்டில் நம் ராணியைக் குறிவைத்திருக்கிறதே! ஒதுக்கலாமா, ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளலாமா? புதிர்கள் இப்படித்தான் நம்மை ஏமாற்றும்.

கறுப்பு ராஜாவிடமிருந்து தொடங்கினால் வேறு கதை. எஃப்7-இலும் எஃப்8-இலும் அவருடைய ஆட்களே வழிமறித்து நிற்கிறார்கள். டி8, ஈ7 இரண்டையும் ஜி5 மந்திரி தூரத்திலிருந்தே காவல் காக்கிறது. நம் யானை டி8-இல் போய் உட்கார்ந்தால் ஆட்டம் முடிந்தது. மந்திரியின் துணை இருப்பதால் ராஜா அதை வெட்ட முடியாது. குறுக்கே நிற்பது டி7 குதிரை ஒன்றுதான். அதைத் துரத்த முடியாது. ஆசை காட்டி இழுக்கலாம்.

ராணியை பி8-க்குக் கொண்டுபோய் செக் வையுங்கள். ராஜா நகர இடமில்லை. நடுவில் சி8-இலோ டி8-இலோ காய் வைத்து மறைக்கலாமென்றால், கறுப்பு ராணிக்கே அந்தக் குதிரை வழியை அடைத்திருக்கிறது. நம் ராணியை வெட்டலாம் என்றல்ல, வெட்டியே ஆக வேண்டும். வெட்டக்கூடியதும் குதிரை மட்டுமே. அது பி8-க்குத் தாவியதும் டி வரிசை காலி. யானை டி1-இலிருந்து டி8-க்கு. செக்மேட்.

ராணியை இப்படிக் கொடுப்பதற்குப் பலி என்ற பெயர் எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. பதில் நகர்த்தல் ஒன்றே ஒன்று என்று முன்கூட்டியே தெரிந்தபின் அதில் துணிச்சலுக்கு என்ன வேலை? எதிராளிக்கு இரண்டு பதில் இருந்திருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

17-ஆம் நகர்த்தலில் முடிந்த அந்த ஆட்டத்தில் வெள்ளையிடம் ராஜாவும் சிப்பாய்களும் போக மிஞ்சியவை ஒரு யானை, ஒரு மந்திரி. கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை நான்கும் பலகையில் இருந்தன. அந்த எச்8 யானை கடைசிவரை ஒரு கட்டம்கூட நகரவில்லை.