மென்கருவி விவரிப்பு மதிப்பீடு

மென்கருவி விவரிப்பு மதிப்பீடு என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பயன்படுத்தும் மென்கருவிகள் அவற்றுக்கு எவ்வளவு தெளிவாகவும் உண்மையாகவும் விவரிக்கப்பட்டுள்ளன என்பதைச் சோதித்து அறியும் முறை ஆகும். முகவர் என்பது இங்கு, பெரிய மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு இயங்கி, பயனர் தரும் பணியைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்கும் மென்பொருளைக் குறிக்கும். தரவுத்தளத்தில் தேடுதல், கோப்பைத் திருத்துதல், மின்னஞ்சல் அனுப்புதல் போன்ற செயல்களை முகவர் தனக்குத் தரப்பட்ட மென்கருவிகளை அழைத்தே செய்கின்றது. பொதுவாகக் கருவியின் நிரல் மொழி மாதிரிக்குக் காட்டப்படுவதில்லை. கருவியின் பெயர், விவரிப்பு, உள்ளீடுகளின் பட்டியல் ஆகியனவே காட்டப்படுகின்றன. ஆகையால் நிரல் பிழையின்றி இருந்தாலும், விவரிப்பு பிழையாக இருந்தால் பணி தவறாக முடியக்கூடும்.

பின்னணி

2023 சூன் மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது மொழி மாதிரிகளுக்கான நிரலாக்க இடைமுகத்தில் செயற்கூறு அழைப்பு என்னும் வசதியைச் சேர்த்தது. நிரலர் தம்மிடமுள்ள செயற்கூறுகளை விவரித்துக் கொடுத்தால், எதனை எந்த உள்ளீடுகளுடன் அழைக்க வேண்டும் என்பதை மாதிரி ஜேசன் வடிவில் எழுதித் தரும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இதன் பின்னர், ஒருவர் எழுதிய கருவியை வேறொருவரின் முகவருடன் இணைப்பது எளிதாயிற்று. கருவியை எழுதியவரிடம் கேட்டுத் தெளிவு பெறும் வாய்ப்பு முகவருக்கு இல்லை. எனவே விவரிப்பின் தரம் தனியே ஆராயப்படும் பொருளாக வளர்ந்தது.

நல்ல விவரிப்பின் கூறுகள்

1. கருவி செய்யும் செயல், பிற கருவிகளிலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்க பெயருடன் கூறப்பட்டிருத்தல்.
2. கருவியை எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது பயன்படுத்தக்கூடாது என்பது கூறப்பட்டிருத்தல்.
3. ஒவ்வோர் உள்ளீட்டின் வகை, அலகு, எழுதும் வடிவம், கட்டாயமானதா என்பன குறிக்கப்பட்டிருத்தல்.
4. கருவி திருப்பித் தரும் விடையும், பிழை நேர்ந்தால் தரும் செய்தியும் விளக்கப்பட்டிருத்தல்.
5. கருவி எதையேனும் மாற்றுமாயின், அம்மாற்றத்தை மீட்க இயலுமா என்பது கூறப்பட்டிருத்தல்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாட்காட்டிக் கருவியின் உள்ளீடு "நாள்" என்று மட்டும் குறிக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். 03/04/2025 என்பது இந்திய வழக்கில் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. இரண்டும் செல்லத்தக்க நாட்களே என்பதால் கருவி பிழைச்செய்தி எதனையும் தராது; தவறான நாளுக்குரிய விடையையே தரும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்னும் ஒரு தொடர் இக்குழப்பத்தை நீக்கிவிடும். அதுபோலவே "கோப்பை அகற்று" என்னும் கருவி கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்துகின்றதா, முற்றாக அழித்துவிடுகின்றதா என்பது கூறப்படாவிட்டால், அதன் விளைவைப் பயனரே ஏற்க வேண்டியிருக்கும்.

மதிப்பிடும் முறைகள்

படித்து மதிப்பிடுதல்: மேற்கண்ட கூறுகள் உள்ளனவா என்பதை மனிதரோ மற்றொரு மொழி மாதிரியோ படித்துப் பார்த்து மதிப்பெண் இடுவது. இது விரைவானது. எனினும் அழகாக எழுதப்பட்ட பொய்யான விவரிப்பை இம்முறையால் கண்டறிய இயலாது.

ஒப்பிட்டுப் பார்த்தல்: விவரிப்பில் கூறியவற்றைக் கருவியின் உண்மையான நடத்தையுடன் ஒப்பிடுவது. நிரல் மாறிய பின்னரும் விவரிப்பு பழையதாகவே இருப்பது பரவலாகக் காணப்படும் குறை.

இயக்கிப் பார்த்தல்: மொழி மாதிரியையும் பணிகளையும் மாற்றாமல், விவரிப்பை மட்டும் மாற்றி முகவரை இயக்கி, விளைவுகளை ஒப்பிடுவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பெர்க்லியில் தொடங்கப்பட்ட செயற்கூறு அழைப்புத் தரவரிசை, விவரிப்புகளை மாற்றாமல் மாதிரிகளை ஒப்பிடுகின்றது. இங்கோ அதற்கு மறுதலையாக, மாதிரி நிலையாக இருக்க, விவரிப்பே சோதனைக்கு உள்ளாகின்றது.

அளவைகள்

சரியான கருவி தெரிவு செய்யப்பட்டதா, உள்ளீடுகள் சரியாக நிரப்பப்பட்டனவா, பணி முடிந்ததா என்பன முதன்மையான அளவைகள். பொருத்தமான கருவி எதுவும் இல்லாதபோது முகவர் அழைக்காமல் விட்டதா என்பதும் அளக்கப்பட வேண்டும். எதையும் செய்ய வல்லது எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் கருவி தேவையற்ற இடங்களிலும் அழைக்கப்படும்.

ஒருமுறை வெற்றி பெறுவது போதுமான சான்று ஆகாது. 2024 இல் வெளிவந்த டௌ-பெஞ்ச் என்னும் சோதனைத் தொகுதி, ஒரே பணியைப் பலமுறை கொடுத்து, அனைத்து முறையும் வெற்றி கிடைக்கின்றதா என்று பார்க்கும் அளவையைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு முறையும் 90% வெற்றி வாய்ப்புள்ள முகவர், ஒன்றையொன்று சாராத 8 முறைகளிலும் வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 43% மட்டுமே.

வரம்புகள்

விவரிப்பு நீளும்போது மாதிரி படிக்க வேண்டிய உரையும் அதற்கான செலவும் கூடுகின்றன. பல கருவிகள் ஒருங்கே தரப்படும்போது, தனித்து நோக்கின் தெளிவாக இருந்த விவரிப்பும் மற்றொன்றுடன் மயங்கக்கூடும். ஒரு மாதிரிக்குப் பொருந்துமாறு திருத்திய விவரிப்பு வேறொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். திருத்துவதற்குப் பயன்படுத்திய பணிகளையே இறுதிச் சோதனைக்கும் பயன்படுத்தினால் மதிப்பெண் உண்மையைக் காட்டிலும் உயர்ந்து தோன்றும். எனவே சில பணிகள் தனியே ஒதுக்கி வைக்கப்படுகின்றன.

பாதுகாப்பு

விவரிப்பு மாதிரியின் உள்ளீட்டு உரையில் சேர்வதால், அதனுள் மறைக்கப்பட்ட கட்டளையை முகவர் பின்பற்றிவிடும் இடர் உண்டு. பயனரின் தனிப்பட்ட கோப்புகளை இவ்வழியில் வெளியே அனுப்பச் செய்யலாம் என்பதை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் செய்து காட்டியது. இது கருவி நச்சூட்டல் எனப்படுகின்றது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில், ஒரு கருவி படிக்க மட்டுமே வல்லதா, அழிக்கவும் வல்லதா என்பதைக் குறிக்கும் குறிப்புகளுக்கு இடம் உண்டு. ஆயினும் நம்பத்தக்க வழங்கியிலிருந்து வந்தாலன்றி அக்குறிப்புகளை நம்பலாகாது என அந்நெறிமுறையே கூறுகின்றது. ஆகவே ஒரு விவரிப்பு முகவருக்கு எளிதில் விளங்குகின்றது என்பதால் மட்டுமே அதற்கு உயர்ந்த மதிப்பெண் தர இயலாது. அது உண்மையானது என்பதும் உறுதி செய்யப்பட வேண்டும்.