அணு உலையில் உலோகத்தின் மூப்பு

அணு உலையின் ஆயுளை நிர்ணயிப்பது எரிபொருள் அன்று. அதைத் தாங்கி நிற்கும் உலோகமே. நம் நாட்டுக் கனநீர் உலைகளில் எரிபொருளை உலை இயங்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். அழுத்தக் குழாய்களை அவ்வாறு மாற்ற இயலாது. 220 மெகாவாட் உலை ஒன்றில் இத்தகைய குழாய்கள் 306 உள்ளன. இயற்கை யுரேனியத்தைக் கொண்டு இயங்கும் உலையில் நியூட்ரான்களை வீணாக்க இடமில்லை. ஆகவே அவற்றை மிகக் குறைவாக உட்கொள்ளும் சிர்க்கோனியக் கலவையால் இக்குழாய்கள் செய்யப்படுகின்றன.

வேகமாக வரும் நியூட்ரான் உலோகத்தின் அணு ஒன்றை மோதி, அதன் இருப்பிடத்திலிருந்து பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த அணு அண்டை அணுக்களைத் தள்ளுகிறது. இவற்றில் பெரும்பாலானவை கண்ணிமைப்பதற்குள் மீண்டும் இடம் பிடித்துக்கொள்கின்றன என்பது பொறியியலுக்குக் கிடைத்த பெரும் சலுகை. எஞ்சிய வெற்றிடங்களும் இடம் தவறிய அணுக்களும் சிறுசிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. இதனால் உலோகம் கடினப்படுகிறது. வளைந்துகொடுக்கும் இயல்பு குறைகிறது. குழாய் மெல்ல நீள்கிறது, விட்டத்தில் அகல்கிறது, தன் பாரத்தாலும் எரிபொருளின் பாரத்தாலும் நடுவில் தொய்கிறது.

தொய்வுதான் கவலைக்குரியது. சூடான அழுத்தக் குழாயைச் சுற்றி, குளிர்ந்த கலாண்ட்ரியா குழாய் உள்ளது. இரண்டும் தொட்டுக்கொள்ளாதிருக்கச் சுருள்வில் வளையங்கள் இடையே பொருத்தப்பட்டுள்ளன. வளையம் இடம் நகர்ந்தால் குழாய்கள் தொட்டுவிடும். கனநீரின் அரிப்பால் உலோகத்தில் புகுந்த டியூட்டீரியம், தொட்ட இடத்தின் குளிர்ச்சியை நாடிச் சென்று, ஹைட்ரைடு கொப்புளமாகத் திரள்கிறது. அது நொறுங்கும் தன்மையுடையது. கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983 ஆகஸ்டில் ஒரு குழாய் நீளவாட்டில் பிளந்தது இவ்வாறே. கதிர்வீச்சு குழாயை நேரடியாக உடைக்கவில்லை. உடைவதற்கு வழிவகுத்துக் கொடுத்தது எனலாம்.

இந்தியாவின் தொடக்ககால உலைகளிலும் பிக்கரிங்கில் இருந்ததைப் போன்ற ஜிர்க்கலாய்-2 குழாய்களே இருந்தன. எனவே ராஜஸ்தானின் இரண்டாம் உலையில் 1994 முதல் 1998 வரை உலையை நிறுத்தி, எல்லாக் குழாய்களும் மாற்றப்பட்டன. கல்பாக்கத்தின் இரண்டாம் உலையில் 2002-03லும், முதல் உலையில் 2003-06லும் இப்பணி நடைபெற்றது. புதிய குழாய்கள் இரண்டரை விழுக்காடு நியோபியம் கலந்தவை. இவற்றில் டியூட்டீரியம் மெதுவாகவே சேர்கிறது. எளிதில் நகராத வளையங்கள் நான்கு, ஒவ்வொரு குழாயிலும் இறுக்கமாகப் பொருத்தப்பட்டன.

ஆயினும் புதிய கலவையும் நீள்வதையும் தொய்வதையும் தவிர்க்க முடியாது. அதனால் உலை நிறுத்தப்படும் காலங்களில், தொலைவிலிருந்து இயக்கப்படும் கருவிகளைக் குழாய்க்குள் செலுத்தித் தொய்வை அளக்கின்றனர். உட்சுவரில் மெல்லிய சீவலைச் சுரண்டியெடுத்து, அதில் சேர்ந்துள்ள ஹைட்ரஜனின் அளவையும் சோதிக்கின்றனர்.