படிப்புக்கு நடுவுல ஒரு ஆப்: ஹாபி எந்த இடத்தில் பொறுப்பாக மாறுது?

75 சதவீத அட்டெண்டன்ஸ். இன்ஜினியரிங்கோ, கலை அறிவியலோ, இந்தியாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத இந்த எல்லையைத் தொட்டாக வேண்டும். அதனாலதானோ என்னவோ, கல்லூரி மாணவர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் ஆப்களில் 'பங்க் கால்குலேட்டர்' அடிக்கடி கண்ணில் படுகிறது. இன்னும் எத்தனை கிளாஸ் கட் அடிக்கலாம், இல்லையென்றால் எத்தனை கிளாஸ் தொடர்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் ஆப் இது.

இதற்குள் இருக்கும் கணக்கு ஒரே வரிதான். நடந்த வகுப்புகளை 3-ஆல் பெருக்க வேண்டும். ஆஜரான வகுப்புகளை 4-ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும். 40 வகுப்புகளில் 27-க்கு ஆஜராகியிருந்தால், 120-ல் 108 போக மிச்சம் 12. அடுத்த 12 வகுப்புகளையும் விடாமல் போனால் 52-க்கு 39. சரியாக 75 சதவீதம்.

இதை ஆப் ஆக்க ஒரு சனி, ஞாயிறு போதும். ஆனா அதே ஆப் பிளே ஸ்டோருக்குப் போய், கல்லூரி போர்ட்டலோட இணைஞ்சு, விளம்பரமும் காட்ட ஆரம்பிச்சா கதை வேற. ஆப் செய்யும் மாணவரின் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் கோடிங் இல்லை. ஆப் வெளியே போன பிறகு வந்து சேரும் பொறுப்புகள்தான். அந்தப் பொறுப்புகள் எங்கெங்கே தொடங்குகின்றன? கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கை ஆப் செய்கிறார்கள் என்றாலும் சரி, காலேஜ்ல செஞ்ச பழைய ஆப்பை வேலைக்குப் போன பிறகும் நீங்களே பார்த்துக்கிறீங்க என்றாலும் சரி, இது உங்களுக்கும் பொருந்தும்.

ஒரு மாணவருக்கு உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கு?

2023-ல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். வகுப்பு, லேப், சொந்தமாகப் படிப்பது எல்லாம் இதில் அடக்கம். ஆண்டுக்கு 40 கிரெடிட் என்றால் 1,200 மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு 600. அதை 15 வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது.

அதாவது, ஆபீஸ் போறவங்களோட வேலை வாரமும் மாணவரோட படிப்பு வாரமும் காகிதத்தில் ஒரே அளவு. ஆப் என்பது அதற்கு மேல் வரும் இரண்டாவது ஷிஃப்ட்.

இந்த 40 மணி நேரமும் எல்லா வாரத்திலும் ஒரே மாதிரி வராது என்பது இன்னொரு விஷயம். செமஸ்டர் தொடக்கத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு, வைவா என்று கடைசி வாரங்களில் எல்லாம் மொத்தமாக வந்து விழும். அதனால் தினமும் இரண்டு மணி நேரம் ஆப்புக்கு என்று டைம்டேபிள் போடுவது நடைமுறையில் நிற்பதில்லை. புது வசதி சேர்ப்பது, டேட்டாபேஸை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளை செமஸ்டர் லீவுக்குத் தள்ளிவிட்டு, வகுப்பு நடக்கும் மாதங்களில் பிழைதிருத்தம் மட்டும் வெச்சுக்கிறதுதான் ஓரளவு தாங்கும்.

பிளே ஸ்டோர்ல போட்டா என்ன மாறும்?

நண்பர்களின் போனில் மட்டும் இருக்கும் வரை அந்த ஆப்புக்குக் கெடு தேதி கிடையாது. கடையில் வைத்த பிறகு உண்டு.

முதலில் நுழைவுச் செலவு. கூகுள் பிளே டெவலப்பர் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆப்பிளில் ஒவ்வோர் ஆண்டும் 99 டாலர். பணம் கட்டுவதை நிறுத்தினால் ஆப் ஸ்டோரில் ஆப்பும் இருக்காது.

அடுத்தது சோதனைக் காலம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளில், ஆப்பைப் பொதுவில் விடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இது 20 பேராக இருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைந்தது. "நாளைக்கு ஹேக்கத்தான், இன்னிக்கு ராத்திரி பிளே ஸ்டோர்ல ஏத்திடலாம்" என்பது புதுக் கணக்கில் நடக்காது.

மூன்றாவதுதான் பலரும் எதிர்பார்க்காதது: ஆண்டுதோறும் வரும் ஆகஸ்ட் 31. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்களைப் புதுப்பிக்க கூகுள் ஒவ்வோர் ஆண்டும் கெடு வைக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புது ஆப்களும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைத்துத் தயாராகியிருக்க வேண்டும் என்றது. ரொம்ப நாள் தொடாமல் விட்ட ஆப், புதிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் புதுப் பயனாளர்களின் தேடலில் வராது. அவகாசம் கேட்டால் நவம்பர் 1 வரை கிடைக்கும். ஃபைனல் இயர் மாணவருக்கு ஆகஸ்ட் என்றால் பிளேஸ்மென்ட். அக்டோபர், நவம்பர் என்றால் செமஸ்டர் தேர்வு. கெடு வந்து விழும் நேரத்தைப் பாருங்க!

இதோடு, எந்தத் தகவலையும் சேகரிக்காத ஆப்பாக இருந்தாலும் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்று வேண்டும். ஆப்பில் கணக்கு தொடங்கும் வசதி இருந்தால், அதை அழிக்கும் வசதியும் இருக்க வேண்டும். டெவலப்பரின் பெயர், நாடு, மின்னஞ்சல் பொதுவில் தெரியும். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டணம் வாங்கினால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரியையோ ஹாஸ்டல் முகவரியையோ ஊருக்கே காட்டச் சம்மதமா என்று, குறிப்பாக மாணவிகள், முன்கூட்டியே யோசித்து முடிவெடுப்பது நல்லது.

காலேஜ் போர்ட்டல் பாஸ்வேர்டை ஆப்ல கேட்கலாமா?

பங்க் கால்குலேட்டரின் அடுத்த கட்டம் எப்போதும் இதுதான். 'எதுக்கு எண்ணைக் கையால டைப் பண்ணணும்? போர்ட்டல்ல இருந்தே எடுத்துக்கலாமே' என்று யாராவது கேட்பார்கள். ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் வாங்கி, ஆப்பே உள்ளே நுழைந்து அட்டெண்டன்ஸை எடுத்துவிடும்.

ஹாபி முடியும் முதல் இடம் இது. அதே பாஸ்வேர்டில் மதிப்பெண், கட்டண விவரம், பெற்றோரின் போன் நம்பர் எல்லாம் திறக்கும். அது உங்கள் சர்வரில் இருந்து கசிந்தால், "சும்மா ஹாபிக்குச் செஞ்சேன்" என்பது பதிலாகாது. கம்ப்யூட்டர் அமைப்பின் உரிமையாளரிடம் அனுமதி பெறாமல் அதில் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு தவறு என்கிறது. அதையே மோசடி நோக்கத்துடன் செய்தால் 66-வது பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாஸ்வேர்டைக் கொடுத்தவர் மாணவர். ஆனால் அமைப்பு கல்லூரியுடையது.

இன்னொரு சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆப் நடத்துவோர் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து அமலாகும். இந்தச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள்; அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். முதலாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் இருக்காங்க என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு எளிய வழி, ஆப்பைச் சின்னதாகவே வைத்திருப்பது. இரண்டு எண்களைப் பயனாளரே டைப் செய்யட்டும். கணக்கு அவர் போனிலேயே நடக்கட்டும். சர்வர் இல்லை, லாகின் இல்லை, கசிவதற்கும் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட ஆப்பை ஒரு வலைப்பக்கமாகவே செய்து கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். 25 டாலரும் வேண்டாம், ஆகஸ்ட் 31-ம் வேண்டாம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டா காட்டினா, ஆப் யாருக்குச் சொந்தம்?

நேரத்தை மிச்சப்படுத்த இது நல்ல யோசனைதான். எப்படியும் ப்ராஜெக்ட் செய்யணும், ஆப்பும் கையில இருக்கு. ஆனால் இங்கேதான் உரிமை கைமாறலாம்.

காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வரும். எழுதியவரே முதல் உரிமையாளர். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் 2019-ல் மத்தியக் கல்வித் துறை வெளியிட்ட, மாணவர்கள் மற்றும் ஆசிரியர்களுக்கான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை ஒரு கோடு கிழிக்கிறது. கல்லூரியின் வசதியையோ நிதியையோ கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்தாலோ, அறிவுசார் சொத்து இருவருக்கும் கூட்டாகச் சொந்தம். கல்லூரி வசதி எதையும் தொடாமல், பாடத்திட்டத்துக்கு வெளியே செய்தது என்றால் முழுக்கச் செய்தவருக்கே சொந்தம்.

இது வழிகாட்டிக் கொள்கை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென விதி வகுத்திருக்கும். ப்ராஜெக்ட் தலைப்பைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த விதியை வாங்கிப் படிங்க. லேப் கம்ப்யூட்டரில் எழுதினீர்களா, உங்கள் லேப்டாப்பில் எழுதினீர்களா, எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்பதற்கு கிட் பதிவுகளே சாட்சியாக நிற்கும். நண்பர்களோடு சேர்ந்து செய்த ஆப் என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது, பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

ஆப் செய்றேன்னு சொன்னா அட்டெண்டன்ஸ் சலுகை கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. மாணவத் தொழில்முனைவோர் நிறுவனத்தின் அனுமதியோடு குறைந்த வருகைப் பதிவிலும் தேர்வு எழுதலாம். மினி ப்ராஜெக்ட், மேஜர் ப்ராஜெக்டுக்குப் பதிலாக ஸ்டார்ட்அப்பைக் காட்டலாம். ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி எடுத்துத் திரும்பி வந்து படிப்பை முடிக்கலாம் என்று அதே கொள்கை கல்லூரிகளுக்குச் சொல்கிறது.

ஆனால் அது ஸ்டார்ட்அப்புக்கான சலுகை. கல்லூரியின் ஆய்வுக்குழு ஏற்க வேண்டும். ஹாபியாகச் செய்யும் ஆப்பைக் காட்டி 68 சதவீத அட்டெண்டன்ஸை மன்னிக்கச் சொன்னால், ஹெச்ஓடி சிரிச்சுட்டுப் போயிடுவார். தேவையென்றால் செமஸ்டர் தொடங்கும்போதே எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் அல்ல.

படிப்பு தாமதமாவது பெரிய பெயர்களுக்கும் நடந்திருக்கிறது. 1988-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் 21 வயதில் லினக்ஸை ஹாபி என்று சொல்லித்தான் வெளியிட்டார். நடுவே ராணுவ சேவையும் சேர்ந்துகொள்ள, லினக்ஸையே தலைப்பாக வைத்து முதுகலை ஆய்வேட்டை முடிப்பதற்கு 1990-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. தன் ஹாபியையே டிகிரிக்குள் கொண்டுவர அவரால் முடிந்தது. கல்விக் கடனும் பிளேஸ்மென்ட் தேதியும் வைத்திருக்கும் நம்ம ஊர் மாணவருக்கு அத்தனை வருட அவகாசம் எளிதில் வாய்க்காது.

காசு வர ஆரம்பிச்சா?

கூகுளின் அட்மாப் விளம்பரங்களில் கணக்கில் 100 டாலர் சேரும் வரை பணம் கைக்கு வராது. ஒரே கல்லூரியில் சில நூறு பேர் பயன்படுத்தும் ஆப்புக்கு அந்த 100 டாலரே நீண்ட பயணம். அவசரத்தில் நண்பர்களை விளம்பரத்தை கிளிக் பண்ணச் சொன்னால் கணக்கே முடக்கப்படலாம்.

ஆப் நன்றாக ஓடினால், அந்த வருமானத்துக்கும் வருமான வரிக் கணக்கு உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம் ரூபாய். வருமானம் அதைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது பழைய ஆப்பை என்ன செய்வது?

காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலையின் பகுதியாக உருவாக்கியது நிறுவனத்துக்கே சொந்தம் என்கிறது. நிறுவன ஒப்பந்தங்கள் இன்னும் அகலமாக, வேலைக் காலத்தில் நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் கேட்கலாம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன், 'இந்த ஆப் ஏற்கெனவே என்னுடையது' என்று ஹெச்ஆருக்கு மின்னஞ்சலில் தெரிவித்துப் பதில் வாங்கி வெச்சுக்கோங்க. ஆபீஸ் லேப்டாப்பில் அதன் கோடைத் திறக்காதீங்க. 2022 செப்டம்பரில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியது நினைவிருக்கலாம். ஹாபி ஆப் அந்த ரகம் இல்லை. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தொடர முடியலைன்னா?

மூடிவிடலாம். தோல்வி என்று நினைக்க ஒன்றுமில்லை. பிளே ஸ்டோரில் ஆப்பை 'அன்பப்ளிஷ்' செய்தால் புதியவர்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். டெவலப்பர் கணக்கு வைத்திருக்கும் ஜூனியர் யாருக்காவது ஆப்பை மாற்றிக் கொடுக்கவும் வழி உண்டு.

மூடும்போது செய்ய வேண்டியவை:

- பயனாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே ஆப்பிலேயே அறிவிப்பு.
- சர்வரில் இருக்கும் தனிப்பட்ட தரவை அழிப்பது. ஜூனியரிடம் ஒப்படைத்தால், பயனாளர் சம்மதம் இல்லாமல் தரவைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.
- கார்டில் மாதாமாதம் பணம் எடுக்கும் கிளவுட் சேவைகளை நிறுத்துவது. ஆப் மறந்துபோனாலும் பில் மறக்காது.
- கோடை ஒரு பிரதி எடுத்து, அதில் உள்ள ரகசியச் சாவிகளை நீக்கிவிட்டு, விருப்பம் இருந்தால் திறந்த மூலமாக வெளியிடுவது.

கடைசியாகச் சொன்னது ரெஸ்யூமேக்கும் உதவும். இன்டர்வியூவில் ஆப் இன்னும் பிளே ஸ்டோரில் இருக்கிறதா என்பதைவிட, அதை எப்படி எழுதினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்றுதான் அதிகம் பேச வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சொல்ல, கிட்ஹப்பில் இருக்கும் கோடே போதும்.