பறக்கும் வீரனும் பச்சைத் துணியும்

எங்கள் திருக்கனூர் மாணவர் சிலர், பறக்கும் வீரனைப் பற்றிய திரைப்பட முன்னோட்டம் ஒன்றை எடுக்க விழைந்தனர். ஒருவன் மாடியிலிருந்து குதிப்பதாகவே கூறினான்! நான் அஞ்சி, மகாராஷ்டிரத்து மாலேகாவ் நகரை எடுத்துக்காட்டினேன். அங்கே ஷேக் நாசிர் என்பவர், விசைத்தறித் தொழிலாளி ஒருவரைச் சூப்பர்மேனாக்கி, பச்சைத் துணியின் துணையால் வானில் பறக்கவிட்டார். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆவணப்படமே இதற்குச் சான்று.

கணினி பச்சையை நீக்கி, அவ்விடத்தில் வானத்தைப் பொருத்தும். ஆகவே துணியில் சுருக்கமும் நிழலும் ஆகா. வீரனின் உடையிலும் பச்சை கூடாது.

முதலில் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுக. காட்சிக்கு 3 விநாடியெனக் கொண்டால், 2 நிமிட முன்னோட்டத்துக்கு 40 காட்சிகள் வேண்டும். அவற்றை முன்னரே தாளில் வரைந்துகொள்க. மாடி எதற்கு? பச்சைத் துணி போர்த்திய மேசைமேல் குப்புறப் படுத்தாலே வீரன் பறப்பான். பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்புவான்.