கட்சிகளின் மொய் நோட்டை யார் பார்ப்பது?



தேர்தல் வந்துவிட்டால் கொடி, பந்தல், மைக், வேன் என்று பணம் தண்ணீராய் ஓடுகிறது. "கட்சிகளுக்கு ஏதும்மா இவ்வளவு காசு?" என்று குழுக் கூட்டங்களில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ நாங்கள் எழுதவில்லை.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடப்பது நமக்குத் தெரியும். ஐநூறு வைத்தாலும் ஐம்பதாயிரம் வைத்தாலும் பேர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறிவிடும். ஏன்? வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்யணும். கட்சிக்குப் பெரிய நன்கொடை கொடுப்பவர்களும் பதிலுக்கு ஏதாவது எதிர்பார்க்கலாம். ஆட்சிக்கு வந்த கட்சி அதை டெண்டராகவோ சலுகையாகவோ திருப்பிச் செய்தால், அது நம்முடைய வரிப்பணம். அதனால்தான் அந்த நோட்டை நாமும் பார்க்கணும் என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்கின்றன. கணக்கு எழுதி, தணிக்கை செய்தால் அவற்றின் வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் விவரத்தை ஆண்டுதோறும் ஆணையத்திடம் தரவேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017-ல் விதி வந்தது.

சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. பெரிய ஓட்டை இதுதான்.

பேர் தெரியாத மொய்

2018-ல் தேர்தல் பத்திரம் என்று ஒரு திட்டம் வந்தது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்று மக்களுக்குத் தெரியாது. இது வாக்காளரின் தகவல் அறியும் உரிமைக்கு விரோதமானது என்று 15.2.2024 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள்.

அடுத்த மாதமே விவரம் வெளியானது. அதிகப் பணம் பெற்ற கட்சி பா.ஜ.க. அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம். தொகை 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாக தி.மு.க. கணக்குக் கொடுத்திருந்தது. நம் மாநிலத்தில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பேர் தெரிந்தால்தானே கேள்வியே கேட்க முடியும்?

வாசலுக்கு வரும் கவர்

கணக்கில் வராத பணமும் இருக்கிறது. 2016 மே மாதம் பக்கத்துத் தஞ்சாவூரிலும், அரவக்குறிச்சியிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்தினார்கள். நவம்பரில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழுவின் பேரைச் சொல்லி ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ யாராவது மொத்தமாகப் பணம் கொடுக்க வந்தால், "எங்கள் குழு இதை வாங்காது" என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. முடிவு வந்த 30 நாட்களுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யாரும் அதைப் பார்க்கலாம்.

2. கட்சிகள் கொடுத்த நன்கொடை விவரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லி எடுத்துப் பாருங்கள்.

3. தேர்தல் நேரத்தில் சந்தேகமோ புகாரோ இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

குழுவில் பத்து ரூபாய் குறைந்தாலும் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கிறோம். அதே கேள்வியைக் கட்சிகளிடமும் கேட்போம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள்.