துக்கவீட்டு நெஞ்சுவலியும் எக்கோ பரிசோதனையும்

“இரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்கிறீர்கள், பிறகு ஏன் இதயப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள்?” ஆஞ்சியோகிராம் முடிந்த சில நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

பேரிழப்பு, பேரச்சம், கடும் உடல்நோய் ஆகியவற்றால் உடலில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் அளவுமீறிப் பெருகும்போது, இதயத்தசை திடீரெனத் தளர்வதுண்டு. 1990-இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர்கள் ‘டகோட்சுபோ’ என்று பெயரிட்டனர். பேய்க்கணவாய் பிடிப்பதற்கு அந்நாட்டு மீனவர் கடலில் இறக்கும், கழுத்து குறுகி வயிறு பருத்த பானையின் பெயர் அது. எக்கோ திரையில் இதயத்தின் இடது கீழறை அப்பானையைப் போலவே தோன்றுகிறது: மேற்பகுதி வலுவாகச் சுருங்க, நுனிப்பகுதி அசைவின்றி ஊதி நிற்கிறது.

2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபின் இந்நோய் அங்கே வெகுவாகக் கூடியது. அதே ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையையும், 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலையும் கண்டவர்கள் நாம். எனினும் பேரிடர்தான் வரவேண்டும் என்பதில்லை. ஒரு வீட்டில் ஒரு சாவு போதும். நோயுறுவோருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

“அழுது களைத்திருக்கிறார், சற்றுப் படுக்கட்டும்” என்று துக்கவீட்டில் சொல்வது இயல்பு. அவருக்கு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருப்பின் அவ்வாறு விட்டுவிடலாகாது. காரியம் முடியட்டும் என்றும் காத்திருக்கலாகாது. 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி.யும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையும் மாரடைப்பில் காண்பதைப் போலவே இந்நோயிலும் மாறுகின்றன. ஆகவேதான் ஆஞ்சியோகிராம் தேவைப்படுகிறது. தசைத் தளர்ச்சிக்குக் காரணமாகத் தக்க அடைப்பு குழாய்களில் இல்லாமலும், அத்தளர்ச்சி எந்த ஒரு குழாயின் எல்லைக்குள்ளும் அடங்காமலும் இருந்தால் இந்நோயை ஐயுறுகிறோம். தெளிவு போதாதபோது எம்.ஆர்.ஐ. உதவுகிறது, தசை வீங்கியுள்ளதா, தழும்பேறியுள்ளதா என்பதை அது காட்டும்.

“மறுபடியும் எக்கோவா?” என்று சலித்துக்கொள்வோர் உண்டு. செலவை எண்ணும்போது அச்சலிப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அசைவற்ற நுனியில் இரத்தம் உறையக்கூடும். உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அதனைக் கண்டால் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தருகிறோம். சிலருக்கு மேற்பகுதி மிகையாகச் சுருங்கி, இரத்தம் வெளியேறும் வழியையே நெருக்குகிறது. இரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கு இதயம் சுருங்கும் வலிமையைக் கூட்டுவதற்காக வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, இவர்களுக்குத் தீங்காகிவிடும். இவ்வேறுபாட்டை எக்கோ பார்த்தே அறிகிறோம்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வலிமையைப் பெறுகிறது. நலமாக உணர்ந்தாலும், மருத்துவர் குறித்த நாளில் எக்கோவுக்கு வரத் தவறாதீர்கள். அன்றும் தசை தேறவில்லையெனில் நோயறிதலையே மறுபடி ஆராய வேண்டியிருக்கும். அதுவரை மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம். வரும்போது முதல் எக்கோ அறிக்கையைக் கையோடு கொண்டுவாருங்கள். இரண்டையும் அருகருகே வைத்தே நாங்கள் பார்ப்போம்.