கார் ஏசி ஃபேன் 4-ல் மட்டும்தான் ஓடுதா? கேஸ் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

வெளியே கொட்டும் மழை. காருக்குள் நான்கு பேர், கண்ணாடியெல்லாம் ஏற்றியாச்சு. ஐந்தே நிமிடத்தில் முன்பக்கக் கண்ணாடி முழுக்க மூடுபனி படிந்த மாதிரி ஆகிவிடும். ஏசியைப் போட்டால் சரியாகிவிடும்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து ஃபேன் சுற்றவில்லை என்றால், கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான். புழுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கலாம், எதிரே வரும் பைக் தெரியணுமே!

உடனே பலரும் 'கேஸ் தீர்ந்துபோச்சு போல' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காசு வீணாவது இங்கேதான். காத்து வருது, ஆனா சில்லுன்னு இல்லை என்றால் கேஸையோ கம்ப்ரசரையோ சந்தேகப்படலாம். ஃபேன் சத்தமே கேட்கலைன்னா, கேஸ் அடித்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஏசி, ஹீட்டர் இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் அதே ப்ளோயர் மோட்டார்தான்.

1, 2, 3-ல் ஓடாது, 4-ல் வைத்தால் மட்டும் சர்ருன்னு ஓடும். இப்படி இருந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, போனது ரெசிஸ்டர். குறைந்த வேகங்களில் கரன்ட்டை மட்டுப்படுத்துவது இதன் வேலை. 4-ல் கரன்ட் இதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போய்விடும். ரெசிஸ்டர் சூடாகும் என்பதால் அதை ஃபேன் காற்று படும் இடத்திலேயே பொருத்தியிருப்பார்கள். கேபின் ஃபில்டரில் தூசியும் வேப்பிலையும் அடைத்துக்கொண்டால் காற்று குறையும், சூடு ஏறும், உள்ளே இருக்கும் தெர்மல் ஃப்யூஸ் அறுந்துவிடும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பல கார்களில் கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் கீழே இறங்கிவிடும். அதன் பின்னால் அல்லது கீழே, ஓரிரு ஸ்க்ரூவில் ரெசிஸ்டர் நிற்கும். மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்காதீங்க, அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். கழற்றும்போது ரெசிஸ்டரின் கனெக்டர் கருகியோ உருகியோ இருந்தால் அதையும் சேர்த்து மாற்றணும். தெர்மல் ஃப்யூஸ் மேல் ஒரு வயரை வைத்து பற்றவைத்து 'சரிபண்ணும்' ஐடியா வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்காமல் காப்பாற்றுவதே அதுதான்.

எந்த வேகத்திலும் ஓடலையா? முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் புதுசு போடணும், கூடுதலாகப் போட்டால் வயர்தான் எரியும். ஃப்யூஸ் நல்லா இருந்தால், பேட்டரியை மறுபடி இணைத்து, ஃபேனை 4-ல் வைத்து மோட்டார் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போச்சு. லேசாகத் தட்டியதும் ஓட ஆரம்பித்தால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் உள்ள காருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும், மெக்கானிக்கிடம் போவதே நல்லது.

புது ரெசிஸ்டரும் கொஞ்ச நாளில் போய்விட்டால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்து ஃபேனில் கீச்சுச் சத்தமும் வந்தால், பேரிங் இறுகி மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கிறது என்று சந்தேகப்படலாம்.